பதம் பார்த்த வாசல்

மே 18, 2025, ஞாயிறு

கத்திரி வெயில் முடிய இன்னும் பத்து நாள். கேட்டுக்கும் திண்ணைக்கும் நடுவே உள்ள மண்தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. காலையில் பேப்பர் எடுக்கப் போன அத்தையின் கைத்தடி ஒரு வெடிப்பில் சாணளவு இறங்கிவிட்டது. நல்லவேளை, விழவில்லை. "ஐப்பசியில காலை விடாது, வைகாசியில தடியை விடாது. என்ன மண்ணும்மா இது" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

இந்தக் கதையைச் சிங்கப்பூரிலிருக்கும் மகனிடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு போட்டோ வந்தது. எல்லாம் வீட்டு முற்றங்கள், சாம்பல் நிறக் கல் பாவியவை. "கல் இல்லைம்மா, கான்கிரீட். ஈரமா இருக்கிறப்பவே அச்சு வச்சு அழுத்திடுவாங்க" என்றான். ஸ்டாம்ப்டு கான்கிரீட் என்று பெயராம். திருச்சியில் ஆள் இருக்கிறார்களாம். இவருக்குப் பேவர் பிளாக்தான் போதும் என்று நினைப்பு. எதிர்வீட்டில் பேவர் பிளாக் போட்டு நாலு மழைதான் ஆகிறது, கடல் அலை மாதிரி ஏறி இறங்கி நிற்கிறது. அதைக் காட்டினேன், பேசாமல் இருந்துவிட்டார்.

மே 21, புதன்

நீடாமங்கலம் சாலையில் ஒரு வீட்டில் மூன்று வருடத்துக்கு முன்பே இந்த வேலை செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அட்டையில் காட்டும் படத்தை நம்புவதைவிட மூன்று மழை கண்ட தரையைப் பார்ப்பது மேல். கார் சக்கரம் போகும் இரண்டு தடத்திலும் மேல்பூச்சுத் தேய்ந்து வெளுத்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் நிறம் அப்படியே. வெடிப்பு இல்லை, அவர்களே அறுத்துவிட்ட கோடுகளைத் தவிர. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சீலர் அடித்தால்தான் பளபளப்பு நிற்குமாம். வீட்டுக்காரம்மா அடிக்கவில்லை. "அடிச்சா வழுக்குது, அடிக்கலேன்னா வெளுக்குது டீச்சர்" என்றார். விளம்பரக்காரர்கள் அச்சடிக்க வேண்டிய வாசகம்.

வகை நிறைய இருக்கிறது. கூழாங்கல் மாதிரி, செங்கல் மாதிரி, மரப்பலகை மாதிரி, மீன் செதில் மாதிரி. எல்லாமே 'மாதிரி'. நம் ஊரில் தோண்டினால் எவ்வளவு ஆழம் போனாலும் வண்டலும் களியும்தான், பாறை என்ற பேச்சே கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. இங்கே ராஜகோபாலசுவாமி சந்நிதிக்கு எதிரே நிற்கிற ஒற்றைக்கல் கருடகம்பமும் வந்து குடியேறியதுதான். கல்லே விளையாத ஊரில் கல் வேஷம் போடுவதில் பெரிய குற்றம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மரப்பலகை மட்டும் வேண்டாம். சிமெண்ட் கல்லாக நடிக்கலாம், மரமாக நடித்தால் சிரிப்பு வருகிறது.

மே 25, ஞாயிறு

கொல்லையில் துணி காயப்போடும்போது காலடியைப் பார்த்தேன். கிணற்றடிச் சிமெண்ட் தரை. முப்பத்தைந்து வருடமாக இதில்தான் நடக்கிறேன். தரை முழுக்கச் சாண் அகலத்துக்குச் சதுரக் கட்டம். அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உங்க மாமா 1974-ல போட்டது. கொத்தனாரு கரண்டியால தேய்ச்சு முடிச்சதும் சணல் நூலை இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் பிடிச்சு, விரலால ஒரு சுண்டு. கோடு விழுந்துடும். ஈரக்கால் வழுக்காது, பார்வைக்கும் கல்லு பாவின மாதிரி இருக்கும்."

மூலையில் ஒரு பத்துப் பைசாவின் அலை விளிம்பும் பதிந்திருக்கிறது. மாமா அழுத்தியதாம். அப்பால் மாட்டுக்கொட்டகைச் சரிவில் குளம்பு வழுக்காமல் இருக்க விட்ட கோடுகள். திண்ணையில் சிவப்பு ஆக்சைடு கலந்து மெழுகிய தரை. நிறம், அச்சு, வழுக்காமை என்று திருச்சிக்காரர் போனில் எனக்குப் பாடம் எடுத்த மூன்றும் இந்த வீட்டில் ஐம்பது வருடமாக இருக்கின்றன.

இந்தத் தொழில் 1950-களில் கலிபோர்னியாவில் பிராட் போமன் என்பவரிடம் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். முதலில் உலோக அச்சு, பிறகுதான் ரப்பர் போல வளையும் பாலியூரிதேன் பாய்கள் வந்தன. போமனுக்கு அந்தப் பெருமை இருக்கட்டும். சணல் நூலைச் சுண்டிய கொத்தனாரின் பெயர் அத்தைக்கே நினைவில்லை.

ஜூன் 2, திங்கள்

தோண்ட ஆரம்பித்தாயிற்று. திருச்சி மேஸ்திரி வந்தவுடன் அச்சைப் பற்றிப் பேசவே இல்லை. மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். "டீச்சர், இது உப்பி உப்பி வத்துற களி. மேல என்ன டிசைன் போட்டாலும் கீழ இது மூச்சு விட்டா தூக்கிடும்." ஒன்றரை அடி வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டுமாம். மூன்று அடுக்காக. முன்பு நாலு பேர் திமிசுக்கட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள், இப்போது குதிக்கிற மெஷின். தெருவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் மதியச் சோற்றுக்குக்கூட வரவில்லை.

செலவில் பாதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கே போகிறது. இவருக்கு வயிற்றெரிச்சல். எனக்கு இதுதான் திருப்தியாக இருக்கிறது. எதிர்வீட்டு அலைக்குக் காரணம் பேவர் பிளாக் அல்ல என்று இப்போது புரிகிறது. அதை நேரே களிமேல் ஆற்றுமணல் பரப்பிப் பதித்திருந்தார்கள். பேவர் பிளாக்கிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

அத்தையுடன் பெரிய பஞ்சாயத்து. முற்றம் முழுக்க அச்சுப் போட்டால் கோலம் எங்கே போடுவது? மேடும் பள்ளமுமாக இருக்கிற தரையில் மாவு இழை ஓடாது. பள்ளத்தில் மாவு தேங்கும், மேட்டில் அறுந்துபோகும். நானும் கோலம் போடுகிறவள்தான், எனக்கு இது தோன்றவே இல்லை என்பதில் கொஞ்சம் வெட்கம். கேட்டை ஒட்டி ஐந்தடி அகலத்துக்கு அச்சில்லாமல் வெறும் சிமெண்ட், மணியாசுக்கட்டையால் தேய்த்துவிட்டால் போதும் என்று முடிவு. மேஸ்திரிக்கு மனசில்லை. "லுக்கு போயிடும் டீச்சர்." போகட்டும்.

நிறத்திலும் சண்டை. அட்டையில் அழகாக இருந்த கருஞ்சாம்பலை நான் எடுத்தேன். அத்தை வெறுங்காலோடு நடப்பவர். கருப்பு வெயிலைக் குடிக்கும், மத்தியானம் கால் வைக்க முடியாது. வெளிர் செந்நிறத்துக்கு மாறினோம். கொல்லைப் பக்கத்தைத் தொடுவதில்லை என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை. மழைத் தண்ணீர் இறங்க வீட்டில் கொஞ்சமாவது மண் வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள், சொன்ன தேதியில். டிவியில் மதகு வழியே தண்ணீர் பாய்வதைக் கோட்டூரிலிருந்து தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. தம்பி பம்புசெட்டை நம்பி நாற்றங்காலில் முன்பே விதை விட்டுவிட்டான்.

ஜூன் 14, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

காலை நாலரைக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். எட்டுப் பேர், ஒரு கலவை மெஷின். பதினெட்டடிக்கு இருபத்திரண்டடி, நாலு அங்குலக் கனம். கணக்குப் போட்டால் 132 கன அடி. வழக்கமான முக்கால் ஜல்லி இல்லை, அரை ஜல்லி. பெரிய ஜல்லி மேலே முட்டிக்கொண்டு நின்றால் அச்சு இறங்காதாம். அடியில் பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் கட்டை வைத்துத் தூக்கிய கம்பி வலை. ஜல்லி புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரியிலிருந்து, சிமெண்ட் அரியலூரிலிருந்து. காவிரிப் படுகையில் இருந்துகொண்டு மணலுக்குப் பதில் கல்லை உடைத்த எம்-சாண்ட். எங்கள் ஊர்ச் சரக்கு தண்ணீர் மட்டும்தான். அதையும் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு பூக்கும் என்று சொல்லிவிட்டு, நகராட்சித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்திருந்தார்கள்.

மட்டக்கோலால் இழுத்து, தெருப்பக்கம் வாட்டம் வைத்துச் சமன் செய்தார்கள். அடிக்குக் கால் அங்குலம் சரிவு. பிறகு மேஸ்திரி சும்மா நின்றார். சிமெண்ட் மேல் கசிந்த தண்ணீர் அடங்கும்வரை யாரையும் தொட விடவில்லை. அடங்கியதும் வாளியில் நிறப்பொடியோடு ஓர் ஆள் இறங்கினார். கலர் ஹார்டனர் என்கிறார்கள். சிமெண்டும் நைசான மணலும் இரும்பு ஆக்சைடும் கலந்தது. அந்த மனிதர் இடுப்பை லேசாகத் திருப்பி, மணிக்கட்டைத் தளர்த்தி, விரல்களுக்கிடையே பொடியை விசிறிய விதம் இருக்கிறதே! முதல் வீச்சில் முக்கால்வாசி, தேய்த்துவிட்டு, விட்டுப்போன இடத்துக்கு இரண்டாம் வீச்சு.

"எந்த ஊரு தம்பி?"

"லால்குடிப் பக்கம் டீச்சர். அப்பா கூட நாத்தங்கால்ல விதை விட்டிருக்கேன்."

சொல்லவே வேண்டாம், கை சொல்லிவிட்டது. என் அப்பாவும் சேறு கலக்கிப் பரம்படித்த பிறகு வரப்பில் சும்மா நிற்பார். சேறு தெளிய வேண்டும். சீக்கிரம் விட்டால் முளைகட்டிய விதை அமுங்கிச் செத்துவிடும், தாமதித்தால் மேலேயே கிடந்து குருவிக்குப் போகும். வரப்பிலிருந்து குனிந்து கட்டைவிரலை ஊன்றிப் பார்ப்பார். மேஸ்திரியும் அதையே செய்தார். ஓரத்துப் பலகையில் முழங்கால் போட்டு, கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். கால் அங்குலக் குழி, விரலில் ஒட்டவில்லை. "பதம்" என்றார். அப்பாவின் அதே வார்த்தை. எனக்கு ஒரு நிமிஷம் ஏதோ செய்தது.

அதற்குப் பிறகு ஓட்டம்தான். ஒட்டாமலிருக்க ரிலீஸ் பவுடர் என்று ஒரு கரும்பொடியைத் தூவினார்கள். திண்ணை, செம்பருத்தி, இவருடைய வெள்ளை வேட்டி எல்லாவற்றிலும் அது. எட்டு அச்சுப் பாய்களை ஒன்றை ஒட்டி ஒன்று போட்டு, மேலே ஏறி நின்று இடிகட்டையால் குத்தி, பின்னால் இருப்பதை உரித்து முன்னால் போட்டுப் போனார்கள். ஒரே பாயை ஒரே திசையில் வைத்தால் கல் எல்லாம் இரட்டைப் பிள்ளை மாதிரி தெரிந்துவிடுமாம். அதனால் திருப்பித் திருப்பி வைத்தார்கள். சுவர் ஓரத்துக்கு மட்டும் துணிபோல மடங்குகிற மெல்லிய பாய்.

எட்டு மணிக்கு வெயில் கிழக்கு மூலையைப் பிடித்துவிட்டது. அங்கே பதம் தப்பிவிட்டது. நாலு பேர் ஏறிக் குத்தியும் அச்சு தோலளவுதான் இறங்கிற்று. மேஸ்திரி தண்ணீர் தெளிக்கப் போன ஆளைத் திட்டினார். மேலே தண்ணீர் தெளித்து இளக்கினால் அந்தத் தோல் பிறகு உரிந்துவரும் என்று அப்புறம் விளக்கம் சொன்னார். அந்த மூலை அப்படியே நின்றுவிட்டது. மேற்கிலிருந்து ஆரம்பித்ததுதான் தப்பு. கிழக்கில் ஆரம்பித்து நிழலோடு கூடவே போயிருக்க வேண்டும். அதை நான் ஐந்து மணிக்கே கேட்டேன், "நீங்க காபி போடுங்க டீச்சர்" என்றார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

அறுப்பு மெஷின் வந்தது. புதுத்தரையில் ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு இழுத்தார்கள், நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு. சிமெண்ட் இறுகும்போது சுருங்கும். எங்கே வெடிப்பது என்று அதன் இஷ்டத்துக்கு விடாமல் நாமே இடம் காட்டிவிடுவது. கனத்தில் கால்பங்கு ஆழம் இருந்தால்தான் அது சொன்ன பேச்சுக் கேட்கும். அத்தைக்கு இதில் உடன்பாடில்லை. "காசு கொடுத்துப் போட்டுட்டு மறுநாளே அறுக்கிறாங்களே."

ஜூன் 17, செவ்வாய்

கழுவிவிட்டார்கள். கரும்பொடி மேட்டிலிருந்து போய்ப் பள்ளத்தில் தங்கிவிட்டது. அந்த நிழல்தான் கல்லைக் கல்லாகக் காட்டுகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நான் கிழக்கு மூலையில் ஒரு பெரிய கோரம்பாயை விரித்து வைத்திருக்கிறேன்.

மாடித் தளம் என்றால் நம் ஆட்கள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிடுவார்கள், வயல் மாதிரி. இங்கே அது ஆகாது, நிறத்தில் திட்டு விழும். நனைத்த சாக்குப் போட்டாலும் கறை. அதனால் தண்ணீரை உள்ளேயே பூட்டி வைக்கிற ஒரு திரவத்தைத் தெளித்திருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலையும் மாலையும் பூவாளியால் தெளிக்கிறேன். பத்து நாள் தெளிக்கப்போகிறேன், யார் சொன்னாலும் சரி.

ஜூலை 13, ஞாயிறு

சீலர் அடித்தார்கள். இருபத்தெட்டு நாள் போகட்டும் என்று பிடிவாதம் பிடித்து நிறுத்தி வைத்திருந்தேன். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே பூச்சடைத்தால் வெள்ளையாகப் படலம் பூக்கும். முதல் கை காய்ந்ததும் அத்தை ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு காலை வைத்துப் பார்த்தார். சர்ரென்று போயிற்று. இரண்டாம் கையில் மாவு போன்ற மணல்பொடி ஒன்றைக் கலந்து அடிக்கச் சொன்னேன். கூடுதல் காசு கேட்டார்கள். கிழக்கு மூலையைக் காட்டினேன். கேட்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளியிலிருந்து மழை விட்டபாடில்லை. தண்ணீர் வாட்டத்தோடு தெருவுக்கு ஓடிவிடுகிறது. தரை தூக்கவில்லை, வெடிக்கவில்லை. அறுத்த ஒரு கோட்டின் அடியில் மட்டும் மயிரிழை தெரிகிறது. காட்டிய இடத்திலேயே வெடித்திருக்கிறது, சமர்த்து.

தம்பியின் குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாயின் கீழ் ஒரு வாரமாகக் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் எடுக்க மாட்டார்கள். 22 வரைக்கும் எடுக்கச் சொல்லி டெல்டா முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் சில மூட்டையில் முளை விட்டுவிட்டது. இன்று காலை வெயில் தலைகாட்டியதும் ஆறு மூட்டையை மினிவேனில் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டான். "அக்கா, உன் தரை சும்மாத்தானே இருக்கு."

இறக்கிப் பரப்பிவிட்டோம். அச்சில்லாத ஐந்தடியில் நெல் நன்றாகப் புரண்டது. அச்சுப் போட்ட இடத்தில் காலால் கிளறினால் பாதி பள்ளத்திலேயே நின்றுகொண்டது. மூன்று மணிக்கு மறுபடி கறுத்தது. அள்ளிய அவசரத்தில் தென்னங்குச்சி விளக்குமாற்றால் நோண்டி நோண்டி எடுத்தும் ஒரு மரக்கால் நெல்லாவது உள்ளே போயிருக்கும். கல் மாதிரியைத் தேர்ந்தெடுத்தபோது நெல் ஞாபகம் யாருக்கும் வரவில்லை. விவசாயி மகள் எனக்கே வரவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

நீளவாக்கில் அறுத்த கோட்டில், கேட்டிலிருந்து திண்ணைவரைக்கும், ஊசி ஊசியாகப் பச்சை. நெல் முளைத்திருக்கிறது. வரிசை பிடித்து நட்ட மாதிரி நேர்க்கோடு. மேஸ்திரிக்குப் போன் செய்தேன். அந்தக் கோட்டை ரப்பர் மாதிரி ஒன்றால் அடைத்திருக்க வேண்டும், மழை விட்டதும் வந்து அடைக்கிறேன், அதுவரை பிடுங்கி வையுங்கள் என்றார்.

தம்பிக்குப் போட்டோ அனுப்பினேன். "பதினஞ்சு நாள்ல பறிச்சுடு அக்கா, நாத்து முத்திடும்" என்று பதில் வந்திருக்கிறது.