டிஸ்க் நிறைஞ்சதால வந்த ஃபோல்டர்

லினக்ஸ்ல "பின்"னு ஒரு ஃபோல்டர்.
"யூஎஸ்ஆர்"குள்ள போனா அங்கயும் ஒரு "பின்".
ரெண்டும் கட்டளைகள் இருக்குற இடம்தான். எதுக்குய்யா ரெண்டு?

பெரிய தத்துவம் இருக்கும்னு தோண்டினா, காரணம் டிஸ்க் ஃபுல்!

1970களோட தொடக்கம், பெல் லேப்ஸ். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-11 கம்ப்யூட்டர்ல, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை எழுதிட்டு இருந்தாங்க. டிஸ்க் எல்லாம் சில மெகாபைட்தான். சிஸ்டம் வளர்ந்து முதல் டிஸ்க்ல இடம் பத்தல. மிச்சத்தை, பயனர்களோட ஃபைல் இருந்த ரெண்டாவது டிஸ்க்குக்குத் தள்ளிட்டாங்க. அதுதான் யூஎஸ்ஆர்.
பீரோ நிறைஞ்சா கட்டிலுக்கு அடியில தள்ளுவோமே, அதே கதை.

ஆனா ஒரு சிக்கல். ரெண்டாவது டிஸ்க்கை இணைக்கிற "மவுண்ட்" கட்டளையே அந்த டிஸ்க்குக்குள்ள இருந்தா எப்படி இணைக்கிறது?
அதனால, மெஷின் எழுந்திரிக்கத் தேவையானது மட்டும் முதல் டிஸ்க்லயே இருக்கணும்னு ஆச்சு.

டிஸ்க் பெருசாகியும் பிரிவினை மட்டும் அப்படியே நின்னுது. ஃபெடோராங்கிற லினக்ஸ் 2012ல ரெண்டையும் ஒண்ணாக்குச்சு. இப்போ பல லினக்ஸ்ல "பின்"னுங்கிறது "யூஎஸ்ஆர் பின்"னைக் காட்டுற வெறும் சுட்டிதான்.



சரி, நீங்க சொந்தமா இறக்குற மென்பொருளை எங்க வைக்கிறீங்க?
"ஆப்ட்" ஃபோல்டர்லயா, "யூஎஸ்ஆர் லோக்கல்"லயா?