ஆஸ்பத்திரி வாசலில் விசா கேட்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

"விசா இல்லாமல் ஒரு நாட்டில் ஒளிந்திருப்பவனைப் பொலிஸ் பிடித்தால் என்ன பிழை? ஆஸ்பத்திரியில் பிடித்தால் என்ன, ரோட்டில் பிடித்தால் என்ன?" ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு நானா கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கொரோனா காலத்து மலேசியாவைப் பாருங்கள். 2020 பெப்ரவரி கடைசியில் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் தப்லீக் இஜ்திமா நடந்தது. ஏறத்தாழ 16,000 பேர் கூடினார்கள். ரோஹிங்கியா அகதிகளும் அதில் இருந்தார்கள். அங்கிருந்து நோய் பரவியது தெரிந்ததும், வந்துபோன எல்லாரையும் தேடிப் பரிசோதிக்க வேண்டிய நிலை. ஆனால் மலேசியா அகதிகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் சேராத நாடு. அங்கே அகதியும் சட்டப்படி கள்ளமாகக் குடியேறியவர்தான். அப்படிப்பட்டவர் தானாக முன்வருவாரா? அதனால் மார்ச் மாதம் அரசாங்கமே சொன்னது: பயப்படாமல் பரிசோதனைக்கு வாருங்கள், ஆவணம் எங்கள் நோக்கமல்ல என்று.

பிறகு மே 1 வந்தது. தொழிலாளர் தினம், வெள்ளிக்கிழமை, அதுவும் நோன்பு மாதம். மஸ்ஜித் இந்தியா பகுதியில் நோய் பரவியதால் சில மாடிக் கட்டடங்களை முட்கம்பி போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குப் பரிசோதனையும் நடந்திருந்தது. அந்த இடத்துக்கே குடிவரவு அதிகாரிகள் வந்து, நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். "இவர்கள் வேறு இடங்களுக்குப் போய் நோயைப் பரப்பாமல் இருக்கத்தான் பிடித்தோம்" என்பது அரசாங்கத்தின் விளக்கம். ஆனால் அதே மாதம் புக்கிட் ஜாலில், செமினி, செப்பாங் தடுப்பு முகாம்களிலேயே தொற்று வெடித்தது. நெருக்கியடித்து மனிதரை அடைத்த இடத்தில் வேறென்ன நடக்கும்?

2021இலும் இதே கதைதான். தடுப்பூசிக்கு வரும் ஆவணம் இல்லாதவர்களைப் பிடிக்க மாட்டோம் என்று தடுப்பூசிக்குப் பொறுப்பான அமைச்சர் சொன்னார். சில மாதங்களில் உள்துறை அமைச்சர் கைதுகள் தொடரும் என்றார். ஒரு வாய் வாங்க என்கிறது, மறுவாய் பிடிப்பேன் என்கிறது. பத்துப் பேர் தங்கும் அறையில் இருமிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளி இதில் எதை நம்புவார்? அவர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். அவர் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் அந்த நாட்டுக் குடிமக்கள்தான் சாப்பிடுகிறார்கள். ஆக, வாக்கு மீறப்பட்டதால் வரும் நட்டம் அவருக்கு மட்டுமல்ல.

குடிவரவுச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நாட்டுக்கும் அந்த உரிமை இருக்கிறது. எங்கே, எப்போது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 2011இல் ஒரு விதி போட்டார்கள். பாடசாலை, ஆஸ்பத்திரி, வணக்கத்தலம், மரண வீடு, கல்யாண வீடு போன்ற இடங்களில் குடிவரவுக் கைதுகளைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, மிக அசாதாரணமான நிலை தவிர ஆஸ்பத்திரிகளிலும் அவற்றின் அருகிலும் கைது செய்ய மாட்டோம் என்று அறிவித்தார்கள். "அருகில்" என்ற அந்தச் சொல் முக்கியம். வாசலுக்குள் பிடிக்காமல் பஸ் தரிப்பிடத்தில் பிடித்தால் வாசல் திறந்திருந்து என்ன பயன்? ஆனால் அவை சட்டமல்ல, திணைக்களத்தின் கட்டளைகள் மட்டுமே. 2025 ஜனவரியில் புதிய ஆட்சி வந்த கையோடு அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டது. வாய்வார்த்தைக்கும் சுற்றறிக்கைக்கும் ஆயுள் குறைவு. சட்டமாக எழுதினால்தான் ஏழைக்கு நம்பிக்கை வரும்.

பயம் என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை இந்த நாட்டில் கொரோனா ஜனாஸாக்களை எரித்தார்கள். அந்த நாட்களில் காய்ச்சலை வெளியே சொல்லப் பயந்த வீடுகள் எங்கள் ஊரிலேயே இருந்தன. அவர்கள் பொறுப்பில்லாதவர்களா? இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் உம்மாவின் மையித்தும் கிடைக்காது என்று பயந்தார்கள். நாங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள், கையில் அடையாள அட்டை இருந்தவர்கள். எங்களுக்கே அப்படியென்றால், எந்தக் கடதாசியும் இல்லாதவரின் நிலையை யோசியுங்கள். முதலாளி வீட்டை விட்டு வெளியேறியதால் மத்திய கிழக்கில் விசா இழந்து நிற்கும் எங்கள் பெண்களும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் நாடும் அந்த அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் நூற்றுக்கும் அதிகமான ரோஹிங்கியர்கள் படகில் வந்து இறங்கினார்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் இருந்தார்கள். நாளை இன்னொரு தொற்று வந்தால், இப்படி வந்தவர்கள் பயமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருவார்களா? ஆஸ்பத்திரிப் பதிவேடு குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகாது என்று எந்தச் சட்டம் அவர்களுக்கு உறுதி தரும்?

நானா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ரோட்டில் பிடித்தால் ஒருவர் பிடிபடுகிறார். ஆஸ்பத்திரியில் பிடித்தால் ஒருவர் பிடிபட்டு நூறு பேர் ஒளிகிறார்கள், நோயோடு. நோயாளியை நம்பி வரச் சொல்வது ஓர் அமானிதம். அதைக் காப்பாற்ற முடியாவிட்டால் அழைக்கவே கூடாது.

மாற்றுக் கருத்து இருந்தால் மரியாதையாக எழுதுங்கள், பேசுவோம்.