நெறிப்படுத்தும் வளையங்கள்

தூண்டில் தமிழுக்குப் புதிதன்று. சூதாடி பெறும் வெற்றிக்கு உவமை தேடிய வள்ளுவர், தூண்டில் முள்ளை இரையென விழுங்கிய மீனையே காட்டினார். முள்ளுக்கும் மீனுக்கும் இலக்கியத்தில் இடமுண்டு. கோலின் மீது நரம்பு ஓடும் சிறு வளையத்தை எவரும் பாடக் காணோம். நரம்பைக் கோலின் நுனியிலேயே கட்டிவிட்ட காலத்தில் அதற்குத் தேவை இல்லை. நரம்பைச் சுருட்டும் ரீல் வந்தபின் வளையம் இன்றியமையாததாயிற்று. கடைக்காரர்கள் அதனைக் 'கைடு' என்பர். ஆய்வு மாணவர்களும் தம் நெறியாளரை அப்பெயராலேயே வழங்குவர் என்பதை எண்ணி அன்று யாம் நகைத்ததுண்டு. இன்று அது வெறும் நகைப்பாகத் தோன்றவில்லை.

எம் வாப்பா இளமை தொட்டே கீழக்கரைக் கடலோரம் தூண்டில் வீசி மகிழ்ந்தவர். 2021ஆம் ஆண்டில் வந்த பக்கவாதம் அவருடைய வலக்கையின் வலிமையைக் கவர்ந்துகொண்டது. பழைய கோலைத் தூக்க இயலவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் கடலை நோக்கி வாளா அமர்ந்திருப்பார். மறு ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வந்த எம் மைத்துனர், ஏழடி நீளமுள்ள கார்பன் இழைக்கோல் ஒன்றைக் கொணர்ந்தார். வளையம் பூட்டப்படாத வெறுங்கோல் அது. வளையங்களைத் தேர்ந்து கட்டும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது.

உப்புநீருக்கு உறுதியே முதன்மை என்று கருதினோம். தடித்த எஃகுச் சட்டமும் இரட்டைக் கால்களும் கொண்ட பெரிய வளையங்கள் ஐந்தினைத் தேர்ந்தோம். நூலால் இறுகச் சுற்றி, எப்பாக்சிப் பசையைத் தடிப்பாகப் பூசினோம். பார்வைக்குக் கம்பீரமாகவே இருந்தது. வாப்பா கையில் ஏந்தினார், நுனி தாழ்ந்தது, கை நடுங்கிற்று. "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று சொல்லிச் சுவரோரம் சாத்திவைத்தார். அதன்பின் அதனைத் தொடவே இல்லை. அச்சொல்லின் பொருள் எமக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

பிழை எம்முடையதே. எடை கையிலிருந்து விலக விலக அதன் சுமை பெருகும். ஏற்றம் இறைத்த நம் முன்னோர் இதனை நன்கறிவர். அடியில் கட்டிய பத்துக் கிராமைக் கை உணராது. நுனியில் கட்டிய இரண்டு கிராமை உணரும். நுனி கனத்தால், வளைந்த கோல் விரைந்து நிமிரவும் மாட்டாது.

மீண்டும் தொடங்கினோம். பசையை இளஞ்சூட்டில் இளக்கி, வளையத்தின் கால்மீது மட்டும் பிளேடால் கீறி நூலை அகற்றினோம். கோலின்மீது பிளேடு பட்டால் இழை அறுந்து, பின்னொரு நாள் அவ்விடத்திலேயே முறியும். இம்முறை ஒற்றைக்கால் வளையங்களே பெரும்பாலும் இடம்பெற்றன. வாப்பாவினது ஸ்பின்னிங் ரீல். அதிலிருந்து நரம்பு சுருள் சுருளாகப் பாய்ந்து வரும். ஆதலின் முதல் வளையம் 25 மில்லிமீட்டர், அடுத்தவை 16, 10, அவற்றின்பின் 6 மில்லிமீட்டர் அளவில் நான்கு, நுனியில் ஒன்று. அகன்ற வளையம் சுருளை ஏற்றுக்கொள்ள, அடுத்தடுத்தவை அதனை அடக்கி நேர்வழிப்படுத்துகின்றன. அதனினும் சிறிதாக்கினால் நரம்புகளை இணைத்த முடிச்சு தட்டுப்படும். பின்னல் நரம்பு மென்மையான உலோகத்தில் தடம் அறுத்துவிடுமாகையால், உள்வளையம் சிலிக்கான் கார்பைடால் ஆனதாக அமைத்தோம்.

உடனே நூல் சுற்றவில்லை. வளையங்களை ஒட்டுநாடாவால் பொருத்தி, நரம்பின் முனையை மணல் நிரப்பிய வாளியில் கட்டிக் கோலை வளைத்துப் பார்த்தோம். வளையங்கள் குறைந்தால் நரம்பு கோலின் வளைவைப் பின்பற்றாது, வில்லின் நாண்போல் விலகி நிற்கும். பளு ஓரிரண்டு இடங்களிலேயே குவியும். விலகிய இடந்தோறும் வளையத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தினோம். வளைவும் நரம்பும் ஒன்றிய பின்னரே நூல் சுற்றினோம். வளையங்களின் எண்ணிக்கை கூடியது; எடையோ குறைந்தது.

வாப்பா அன்று மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை வீசிக்கொண்டிருந்தார். மீன் ஒன்றும் அகப்படவில்லை. வீடு திரும்புகையில், "கையில கோல் இருக்கதே தெரியல தம்பி" என்றார். அதனினும் உயர்ந்த பாராட்டை யாம் இதுவரை பெற்றதில்லை.

வகுப்பறையில் நுழையும்போதெல்லாம் அந்தக் கோல் எம் நினைவில் எழுகின்றது. கைடு என்பது பளுவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்; தன் பளுவைச் சுமத்தலாகாது. எம் புலமையையும் கண்டிப்பையும் உறுதி என்றெண்ணி, இளம் உள்ளங்களின் நுனியில் எத்தனை முறை தடித்த வளையங்களைக் கட்டியிருப்போம்! "நல்லாத்தான் இருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டு அமைதியாக விலகிச் சென்ற மாணவர் எத்தனை பேரோ! அவர்களை எண்ணியே இதனை எழுதினோம்.