ஒரே எண்ணெய், இரண்டு கார்கள்

மின்யாக் ஹித்தாமை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது? கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஒரு முறையாவது எழுந்திருக்கும். எங்கள் வீட்டில் இதற்கு மூன்று பதில்கள் இருந்தன. முப்பது வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டிய அப்பாவுக்கு 5,000 கிலோமீட்டர். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டரும் கூடாது. தம்பிக்கு 15,000. “அண்ணே, இது ஃபுல்லி சிந்தெடிக். அந்தக் காலத்து எண்ணெய் இல்லை” என்பான். பட்டறைக்காரர் முன் கண்ணாடியில் ஒட்டிவிடும் ஸ்டிக்கரில் 10,000 அல்லது ஆறு மாதம்.

மூவருமே நம்பிக்கையோடு பேசினார்கள். ஆனால் யாரும் அந்த எண்ணெயைச் சோதித்துப் பார்த்தவர்கள் இல்லை.

எங்களிடம் இரண்டு கார்கள் உண்டு. பெரிய காரில் நான் கிள்ளானிலிருந்து நீலாயில் உள்ள தொழிற்சாலைக்கு தினமும் போய் வருகிறேன். போக வர 120 கிலோமீட்டர், பெரும்பகுதி நெடுஞ்சாலை. சின்ன கார் மனைவியிடம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம், டியூஷன் என்று விடுவதும், திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் அம்மாவை டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப்போவதும் அந்தக் கார்தான். மையம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். தூரம் சின்னதுதான், ஆனால் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. அதனால், எந்தக் கார் நின்றாலும் நிற்கலாம், சின்ன கார் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம்.

தொழிற்சாலையில் நான் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். அங்கே கம்ப்ரசர்களுக்கும் கியர் பெட்டிகளுக்கும் எண்ணெய் மாற்றும் நாளை யாரும் ஊகித்துச் சொல்வதில்லை. ஒரு சின்ன போத்தலில் எண்ணெய் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்போம். இது புதிய முறையல்ல. 1940களிலேயே அமெரிக்க ரயில் நிறுவனங்கள் டீசல் என்ஜின்களின் பழைய எண்ணெயைச் சோதித்து, உள்ளே எது தேய்கிறது என்று கண்டறியத் தொடங்கிவிட்டன. பிறகு ராணுவ விமானங்களும் கப்பல்களும் சுரங்க லோரிகளும் இதைக் கையில் எடுத்துக்கொண்டன. வீட்டுக் காருக்கும் இதையே செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. வேலையிடத்துக்குச் சோதனை செய்து தரும் ஆய்வகத்திலேயே, சொந்தக் காசு கட்டி இரண்டு கார்களின் எண்ணெயையும் கொடுத்தேன். இரண்டிலும் இருந்தது ஒரே நிறுவனத்தின் ஒரே 5டபிள்யூ-30 சிந்தெடிக் எண்ணெய். ஒப்பிடுவதற்காகப் புதிய எண்ணெயிலும் ஒரு போத்தல் கொடுத்தேன்.

“எண்ணெய்க்கு எதுக்குப்பா ரத்தப் பரிசோதனை?” என்று அப்பா கேட்டார். அவருடைய பரிசோதனை வேறு. டிப்ஸ்டிக்கை உருவி, இரண்டு விரல்களுக்கு நடுவில் எண்ணெயைத் தேய்த்துப் பார்ப்பார். கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். அவர் லோரி ஓட்டிய காலத்து எண்ணெய்க்கும் என்ஜினுக்கும் அது போதுமானதாக இருந்திருக்கலாம். இன்றைய எண்ணெயில் அழுக்கைக் கழுவித் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்ளும் சேர்மங்கள் இருக்கின்றன. அவை வேலை செய்தால் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். நிறத்தை வைத்து எண்ணெயின் ஆயுளைச் சொல்ல முடியாது.

ரத்தப் பரிசோதனை என்று அப்பா கிண்டலாகச் சொன்னாலும், பொருத்தமான சொல் அதுதான். அம்மாவின் ரத்த அறிக்கையை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் படிக்கத் தெரியும். ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து மருத்துவர் எதையும் முடிவு செய்வதில்லை. பொட்டாசியம் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு, ஹீமோகுளோபின் போன முறையைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். எண்ணெய் அறிக்கையும் அப்படித்தான்.

அதில் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது பாகுத்தன்மை, அதாவது 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது. 30 என்று குறியிட்ட எண்ணெய் அந்தச் சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது, காரத்தன்மை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்க எண்ணெயில் காரம் சேர்த்திருப்பார்கள்; அதில் மீதம் எவ்வளவு என்று இந்த எண் காட்டும். மூன்றாவது, தேய்மான உலோகங்கள். இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயம் ஆகியவை பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று வரும். நான்காவது, உள்ளே வரக் கூடாத அந்நியப் பொருள்கள்: பெட்ரோல், தண்ணீர், ரேடியேட்டர் திரவம், தூசி. தூசி வந்தால் சிலிக்கன் ஏறும். ரேடியேட்டர் திரவம் கசிந்தால் சோடியமோ பொட்டாசியமோ ஏறும்.

பெரிய காரின் எண்ணெய் 10,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பாகுத்தன்மை 10.4, புதிய எண்ணெய்க்கு 10.7. காரம் 8.2இலிருந்து 4.4க்கு இறங்கியிருந்தது. இரும்பு 14, சிலிக்கன் 9. பெட்ரோல் கலப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ‘எண்ணெய் இன்னும் பயன்படுத்தும் நிலையில் உள்ளது’ என்று ஆய்வகம் குறிப்பு எழுதியிருந்தது. தம்பிக்கு ஒரே கொண்டாட்டம்.

அடுத்த தாள் சின்ன காருடையது. ஆறு மாதத்தில் அது ஓடியது 4,200 கிலோமீட்டர்தான். அப்பாவின் 5,000கூட ஆகவில்லை. ஆனால் பாகுத்தன்மை 8.9. அதாவது அது 30 என்ற குறியீட்டை விட்டே கீழே இறங்கியிருந்தது. பெட்ரோல் கலப்பு மூன்றரை விழுக்காடு. இரும்பு 21, சிலிக்கன் 31. காரம் மட்டும் 5.6 என்று நன்றாகவே இருந்தது. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று தாளை மடித்து வைத்திருப்போம்.

ஒரே எண்ணெய்க்கு ஏன் இத்தனை வித்தியாசம்? விடை பயணத்தில் இருக்கிறது. என்ஜினைக் கிளப்பினால் ரேடியேட்டர் தண்ணீர் சீக்கிரம் சூடேறிவிடும். எண்ணெய் சூடேற அதைவிட அதிக நேரம் பிடிக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சற்று அதிகமாகவே செலுத்தப்படுகிறது. அதில் முழுதாக எரியாத கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் எண்ணெய் நன்றாகச் சூடேறி அந்தப் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிவிடும். நான்கு கிலோமீட்டரில் நின்றுவிடும் காரில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. நம் நாட்டில் பனிக்காலம் இல்லை என்பது உண்மைதான். அதற்காகக் குளிர்ந்த என்ஜின் இல்லாமல் போய்விடாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இரண்டு கார்களும் சராசரி வேகத்தைத் திரையில் காட்டும். பெரிய காருக்கு மணிக்கு 70 கிலோமீட்டர்; சின்ன காருக்கு 20. அப்படியானால் பெரிய கார் 10,000 கிலோமீட்டரை ஏறக்குறைய 143 மணி நேரத்தில் ஓடி முடித்திருக்கிறது. சின்ன கார் 4,200 கிலோமீட்டருக்கு 210 மணி நேரம் உழைத்திருக்கிறது. பள்ளி வாசலில் ஏசி போட்டுக் காத்திருந்த நேரமும், ஜாமில் நின்ற நேரமும் அதில் அடக்கம். கிலோமீட்டர் முள் நின்றாலும் என்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ‘குறைவாக ஓடிய கார்’ என்று நாங்கள் நினைத்ததுதான் அதிக நேரம் ஓடிய கார்.

சிலிக்கன் 31 என்பதற்கு மட்டும் பயணம் காரணமாக இருக்க முடியாது. புதிய என்ஜின் என்றால் உள்ளே பூசியிருக்கும் பசையிலிருந்தும் சிலிக்கன் வரலாம். இது ஆறு வயதுக் கார். மூடியைத் திறந்து காற்று வடிகட்டிப் பெட்டியைப் பார்த்தேன். ஒரு கிளிப் உடைந்து, மூடி ஒரு பக்கம் சரியாக உட்காராமல் இருந்தது. அந்த இடுக்கு வழியே தூசி நேராக என்ஜினுக்குள் போயிருக்கிறது. கிளிப்பையும் வடிகட்டியையும் மாற்ற ஆன செலவு சொற்பம். வெளியே எந்தச் சத்தமும் இல்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் காரின் என்ஜின் உள்ளே உரசிக்கொண்டிருந்ததை அந்த ஒரு தாள்தான் காட்டிக்கொடுத்தது. சோதனைக்குக் கொடுத்த காசு அந்த இடத்திலேயே அடைந்துவிட்டது.

பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். செவ்வாய், வியாழக்கிழமைகளில் நான் சின்ன காரை நீலாய்க்கு எடுத்துப்போகிறேன்; அந்த நாட்களில் பள்ளி வேலைக்குப் பெரிய கார். வாரத்தில் இரண்டு நாளாவது சின்ன காரின் எண்ணெய் நன்றாகச் சூடேற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அடுத்த முறை நான்கு மாதத்தில், 6,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றிச் சோதித்தோம். பாகுத்தன்மை 10, பெட்ரோல் ஒரு விழுக்காடு, சிலிக்கன் 12, இரும்பு 14. முன்பு ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 என்று தேய்ந்த இரும்பு இப்போது 2.3. அதிகத் தூரம் ஓடியும் தேய்மானம் குறைந்திருக்கிறது. சின்ன காருக்கு நான்கு மாதம் அல்லது 6,000 என்று முடிவானது.

பெரிய காரை 12,000 வரை ஓட்டிச் சோதித்தேன். இரும்பின் வேகம் ஏறவில்லை, ஆனால் காரம் 3.6க்கு வந்திருந்தது. பாதிக்கும் கீழே போய்விட்டதால் 12,000த்தோடு நிறுத்திக்கொண்டேன். தம்பி கேட்ட 15,000 கிடைக்கவில்லை. அவன் காரில் டர்போ இருக்கிறது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. அந்த வகையில் எண்ணெயில் பெட்ரோல் கலக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அவனுக்கும் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சோதனைச் செலவு சில வேளைகளில் எண்ணெய் மாற்றும் செலவை நெருங்கும். எனவே ஒரு காரை வைத்துப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று இறங்காதீர்கள். இரண்டு மூன்று முறை சோதித்து உங்கள் காரின் போக்கைத் தெரிந்துகொண்டால் போதும்; ஓட்டும் முறை மாறினால் மறுபடி பார்க்கலாம். வடிக்கும் தட்டிலிருந்து எண்ணெயை அள்ளக் கூடாது. கார் ஓடி முடித்த சூட்டில், முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான, ஈரமில்லாத போத்தலில் பிடிக்க வேண்டும். எண்ணெயின் பெயர், அது ஓடிய கிலோமீட்டர், இடையில் ஊற்றிய அளவு ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். காரத்தன்மைச் சோதனையும் வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள். பல ஆய்வகங்களில் அது தனிக் கட்டணம்.

உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால் கையேட்டில் உள்ள கெடுவைத் தாண்ட வேண்டாம். அறிக்கையைக் காட்டி உத்தரவாதம் கேட்க முடியாது. முன்கூட்டியே மாற்ற வேண்டுமா என்று அறிய அது உதவும், அவ்வளவுதான். சோதனைக்கும் எல்லை உண்டு. வழக்கமான உலோகச் சோதனை மிக நுண்ணிய துகள்களைத்தான் எண்ணும். பெரிய சில்லு உடைந்து விழுந்தால் அதன் கண்ணில் படாமல் போகலாம். அதனால் என்ஜின் சத்தத்தைக் கேட்கும் காதும், டிப்ஸ்டிக்கில் அளவு பார்க்கும் பழக்கமும் இன்னும் தேவை. அந்த இரண்டிலும் அப்பாவை மிஞ்ச எங்கள் வீட்டில் ஆளில்லை.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது இங்கே சட்டப்படி குற்றம். 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் அது அட்டவணைக் கழிவு. வீட்டில் மாற்றுபவர்கள், பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நன்றாக இருக்கும் எண்ணெயைச் சீக்கிரம் கொட்டுவதில் காசு மட்டும் வீணாகவில்லை, இந்தக் கழிவும் கூடுகிறது. கெட்டுப்போன எண்ணெயோடு ஓடுவதில் என்ஜின் வீணாகிறது. இரண்டில் எது உங்கள் காரில் நடக்கிறது என்று ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கள் கார்களில் இப்போது பட்டறை ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தாள் இருக்கிறது. ஒன்றில் 6,000, இன்னொன்றில் 12,000. இரண்டும் அப்பாவின் கையெழுத்து.