பற்றைக்காட்டுப் பாதையும் வாகனத்தின் பெயின்றும்

கொழும்பில் வசிக்கும் நண்பர் ஒருவர் புதிய ஜீப் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைத்ததும், ஐந்து வருடங்களாக அடக்கிவைத்திருந்த ஆசையை அவர் நிறைவேற்றிக்கொண்டார். வாங்கிய கையோடு என்னைத் தொலைபேசியில் அழைத்து, "திருகோணமலைப் பக்கம் வருகிறோம். கிண்ணியா, தம்பலகாமம் உள்வீதிகளுக்குள் எல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் பெயின்றில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

செய்தி எழுதிப் பிழைக்கும் ஒருவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். தற்செயலாக, இந்த ஒரு விடயத்தில் எனக்குச் சொல்வதற்குச் சிலது உண்டு. நான் கற்றுக்கொண்ட பாடத்துக்கான செலவை இன்னொருவர் கட்டினார். அதை மறைத்துவிட்டு அறிவுரையை மட்டும் எழுதினால் அது நேர்மையாக இராது.

குறிஞ்சாக்கேணியை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கிண்ணியா நகரத்துக்கு எதிரே, களப்பின் அக்கரையில் உள்ள ஊர். குறிஞ்சா என்ற கொடியையும் கேணியையும் சேர்த்து வைத்தாற்போன்ற அந்தப் பெயர் எனக்கு எப்போதும் பிடிக்கும். குறிஞ்சாக் கொடியில் முள் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஒழுங்கைகளிலும் வயற்கரைப் பாதைகளிலும் உடை, ஈச்சை, சூரை, விடத்தல் என்று முள்ளுக்குக் குறைவில்லை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போவதென்றால் துறையில் காத்திருந்து படகுப்பாதையில் ஏறவேண்டும். பெரிய பாலம் வந்தபிறகும் சிறிய பாலங்களின் கவலை தீரவில்லை. 2021இல் புதிய பாலம் கட்டுவதற்காகக் குறிஞ்சாக்கேணிப் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதும் சனங்கள் மீண்டும் படகுப்பாதைக்கே திரும்பினார்கள்.

2021 நவம்பர் 23ஆந் திகதி காலையில் அந்தப் படகுப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நால்வர் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பின்னர் அந்தத் தொகை கூடியது.

செய்தி வந்தபோது நான் திருகோணமலை நகரத்தில் இருந்தேன். எனக்குத் தெரிந்த வான் சாரதி ஒருவரைக் கூப்பிட்டேன். கிண்ணியாவைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். அவரிடம் இருந்தது உலோக மினுக்குள்ள கடும் நீல நிற டொல்பின் வான். பழைய வண்டிதான், ஆனால் கம்பனியில் அடித்த பெயின்ற் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைக் கழுவித் துடைத்து வைத்திருப்பார்.

கிண்ணியாவில் சனம் கொதித்துப்போயிருந்தது. கூட்டத்துக்குள் வாகனம் நுழைய வழியில்லை. அக்கரைக்குப் போய் அந்தக் குடும்பங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் அவசரம். சுற்றிப் போகிற வழியில் ஒரு பற்றைக்காட்டுப் பாதை குறுக்கிட்டது. மாட்டுவண்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் போதுமான அகலம், வானுக்குப் போதாது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவர் வண்டியை நிறுத்தினார்.

"சேர், ரெண்டு பக்கமும் உடை முள்ளு. நான் இறங்கிக் கொஞ்சம் வெட்டிப்போட்டு வாறன். பத்து நிமிசம்."

"நேரமில்லைத் தம்பி, விடும்" என்றேன்.

அவர் விட்டார். கண்ணாடி மூடிய வானுக்குள் இருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சிலேட்டில் நகம் உரசுவது போன்ற நீண்ட சத்தம், இரண்டு பக்கமும். அக்கரையில் இறங்கியதும் ஒரு மரியாதைக்காக வானைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நனைந்த நீலம் பளபளவென்றிருந்தது. "ஒண்டும் இல்லைப்போல" என்று சொல்லிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பது பின்னர்தான் விளங்கியது. விளக்கியவர் திருகோணமலையில் நீண்டகாலமாகக் கராஜ் நடத்தும் முதிய பெயின்ற் பாஸ். வாகனத்தின் பெயின்ற் ஒரே பூச்சு அல்ல. தகரத்தின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் வரை. அதாவது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்றே கூட. மேலேயுள்ள கிளியர் 40, 50 மைக்ரோன் அளவுதான். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்புக்கூட இல்லை. நாம் ஆசையோடு தடவிப் பார்க்கும் மினுக்கம் முழுவதும் அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது.

முள் கீறும்போது பெரும்பாலும் அந்தக் கிளியரில்தான் கோடு விழுகிறது. அந்தக் கோட்டின் விளிம்புகளில் வெளிச்சம் சிதறுவதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் பட்டால் கோடு நிரம்பிவிடும், வெளிச்சம் சிதறாது, கீறல் மறைந்துவிடும். காய்ந்ததும் மீண்டும் வெளியே வரும். அன்று மழை என் கண்ணை மறைத்திருக்கிறது.

அந்த வானை நான் வெயிலில் பார்த்தது 2022 ஜூனில், டீசல் வரிசையில். நாடே வரிசையில் நின்ற காலம். நீல உடம்பின் இரு பக்கமும் முன்கதவிலிருந்து பின்சில்லுவரை வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். இடப்பக்கக் கதவு மட்டும் சற்று வேறான நீலத்தில் இருந்தது. சாரதி என்னைக் கண்டு சிரித்தார். நான் துருவித் துருவிக் கேட்டதால்தான் சொன்னார்.

வானுக்கு லீசிங் கட்டிக்கொண்டிருந்தார். இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வாகனங்களின் விலை ஏறியிருந்தது. நல்ல விலைக்குக் கொடுத்துக் கடனை முடித்துவிட்டு, மிஞ்சுவதில் ஒரு முச்சக்கர வண்டி எடுக்கலாம் என்று நினைத்து ஒருவரோடு விலையும் பேசியிருந்தார். அவ்வேளையில்தான் என் பயணம் வந்தது. மறுநாள் சேறு காய்ந்திருந்த பக்கங்களைச் சாரத்துணியால் அழுத்தித் துடைத்தார். அந்தச் சேற்றிலிருந்த மணல் முள் விட்டுவைத்த இடங்களையும் கீறியது. ஆழமான கீறல் இருந்த ஒரு கதவை மட்டும் அவசரமாகப் பெயின்ற் அடிப்பித்தார். வாங்க வந்தவர் நிற வேறுபாட்டைக் கண்டதும், "வண்டி எங்கயோ அடிபட்டிருக்கு" என்று முடிவு கட்டிப் போய்விட்டார். பழைய வாகனச் சந்தையில் கம்பனிப் பெயின்றுக்குத் தனி மதிப்பு. திரும்ப அடித்த கதவு விபத்தின் சாட்சியாகவே பார்க்கப்படும்.

"ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு அந்தப் புள்ளையளப் பாத்த கண்ணால வானப் பாக்க ஏலுமா சேர்?"

நான் வாகனப் பெயின்றைப் பற்றிக் கேட்டறியத் தொடங்கியது அந்தப் பதிலுக்குப் பிறகுதான். நண்பருக்கு நான் சொன்னவை இனி.

கடைகளில் விற்பனவற்றைப் பற்றி முதலில். மெழுகு பூசினால் மேற்பரப்பு வழுக்கும். மெல்லிய இலையும் கொப்பும் உரசாமல் நழுவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. செரமிக் பூச்சு இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. அதன் தடிப்புச் சில மைக்ரோன்கள்தான். 9எச் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மை அளவு. உடை முள்ளுக்கு அது பொருட்டல்ல. அழுக்கு ஒட்டாது, கழுவுவது இலகு, அதற்காகப் பூசலாம். முள்ளை ஓரளவு உண்மையாகத் தாங்குவது பெயின்றின்மேல் ஒட்டும் ஒளிபுகும் பொலியுரேதேன் படலம். 150 முதல் 200 மைக்ரோன் தடிப்பு. பெயின்றின் எல்லா அடுக்குகளையும்விடத் தடிப்பானது. மெல்லிய கீறல் விழுந்தால் வெயிற் சூட்டில் தானாகவே மறையும் வகைகளும் உண்டு. வாகனம் முழுவதற்கும் ஒட்டினால் இலட்சக்கணக்கில் முடியும். கதவுகளின் பாதிக்குக் கீழும், சில்லு வளைவுகளிலும், பொனற்றின் முன்விளிம்பிலும் மட்டும் ஒட்டினாலே பெரும்பகுதி காப்பாற்றப்படும். மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஒரு நாளைக்குச் சரி. வெயிலில் விட்டுவைத்தால் பசை இறுகிப் பிறகு அதுவே தலைவலியாகும்.

நிறமும் ஒரு காப்புத்தான். கிளியரில் விழும் கீறல் வெள்ளையாகத் தெரிவதால் வெள்ளை வாகனத்தில் அது அவ்வளவாகக் கண்ணுக்குப் படாது. கறுப்பும் கடும் நீலமும் எதையும் மறைக்காது.

இனி ஓட்டும் விதம். முதலில் இறங்கி நடந்து பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பலன் அதிகம். பக்கக் கண்ணாடிகளை மடியுங்கள், அன்ரெனாவை இறக்குங்கள். நடக்கும் வேகத்தில், நின்று நின்று போகாமல், ஒரே சீராக நகருங்கள். வேகமாகப் போனால் கொப்பு வளைந்து சவுக்குப்போல அடிக்கும். கூட வந்தவர் இறங்கி, கொப்புகளை வண்டி கடக்கும்வரை பிடித்திருக்கட்டும். பாதியில் கைவிட்டால் கீறல் இரட்டிப்பாகும். ஒரு பக்கம் முள்ளும் மறுபக்கம் புல்லும் என்றால் புல்லோடு ஒட்டிப் போங்கள். ஆனால் புல்லையும் முழுதாக நம்ப வேண்டாம். நெற்தாளிலும் இலுக்குப்புல்லிலும் சிலிக்கா உண்டு; கையை அறுக்கிற புல் கிளியரையும் மெல்லத் தேய்க்கும். கொப்பு வெட்டுவதானால் காணிக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வெட்டுங்கள். சரணாலயங்களிலும் ஒதுக்குக் காடுகளிலும் கத்தியை எடுக்கவே கூடாது. அங்கே பாதை ஒடுங்கினால் திரும்பிவிடுவதே வழி.

திரும்பி வந்தபின் செய்வதுதான் பலருக்கும் தெரியாதது. காய்ந்த சேற்றைத் துணியால் தொடாதீர்கள். மணலிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைக்கூடக் கீறும், கிளியர் எம்மாத்திரம்? நிறையத் தண்ணீர் அடித்து ஊறவிட்டு, சேறு தானாக வழிந்த பிறகு, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். சவர்க்கார நீருக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு இன்னொரு வாளி. களப்பு நீரும் உவர்க்கிணற்று நீரும் வேண்டாம்.

பிறகு நன்றாகக் காயவிட்டு வெயிலில் பாருங்கள். கீறலைத் தண்ணீரால் நனைத்தால் மறைகிறதா? அப்படியானால் கிளியரோடு நின்றிருக்கிறது. பொலிஷ் போட்டுத் தேய்த்தால் போய்விடக்கூடும். ஆனால் ஒவ்வொரு பொலிஷும் கிளியரில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆண்டு முழுவதும் தேய்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நகத்தால் வருடும்போது நகம் தடக்குகிறதா? ஆழமான கீறல், தேய்ப்பதால் தீராது. தகரம் தெரிகிறதா? தாமதிக்க வேண்டாம். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் துரு பெயின்றுக்கு அடியால் ஊர்ந்து பரவும். துருவைச் சுரண்டித் துடைத்து, பிரைமர், நிறம், கிளியர் என்ற வரிசையில் அந்த இடத்துக்கு மட்டும் தொட்டுவிடுங்கள். ஒரு கீறலுக்காகக் கதவு முழுவதையும் அடிப்பிக்க வேண்டாம். நீலக் கதவின் கதையைச் சொல்லிவிட்டேன்.

நண்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "இவ்வளவும் செய்தால் கீறல் விழாதா?" என்று கேட்டார். விழும் என்றேன். குறையும், ஆழமாகாது, துருவாகாது. ஒன்றுமே விழக்கூடாது என்றால் தார் வீதியோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

டீசல் வரிசையில் சந்தித்த அடுத்த கிழமை ஒரு தொகையைச் சாரதியிடம் கொண்டுபோனேன். வாங்க மறுத்தார். கடைசியில் இரண்டு பக்கமும் பொலிஷ் போடும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டார். கைவிட்டுப்போன விலையைப் பற்றி அவரும் பேசவில்லை. அதை ஈடுசெய்யும் அளவு பணம் என்னிடமும் இருக்கவில்லை.

அன்று நான் எழுதிய செய்தி மறுநாள் காலைப் பத்திரிகைக்கானது. மாலைவரை எனக்கு நேரம் இருந்தது. அவர் கேட்டது பத்து நிமிடம். இப்போது வாடகை வாகனத்தில் உள்ளூர்ப் பாதைகளுக்குப் போகும்போது என் தோள்பையில் குறிப்புப் புத்தகத்தோடு ஒரு சிறிய கொப்புவெட்டும் கத்தரியும் இருக்கிறது. பாதை ஒடுங்கினால் சாரதி சொல்வதற்கு முன்பே இறங்கிவிடுகிறேன்.