ஐம்பதுக்கு ஒன்று

எங்கள் ஊருக்கும் பிரதான றோட்டுக்கும் இடையில் பதினொரு கிலோமீற்றர். அதில் ஏழு காட்டுக்குள்ளால் போகிறது. மாரி பிறந்துவிட்டால் பாலையோ வீரையோ ஏதாவதொன்று குறுக்கே விழுந்து கிடக்கும். சில வேளை காற்றின் வேலை, சில வேளை யானையின் வேலை. செயின் சோ என்றதும் நகரத்து நண்பர்களுக்குக் காடழிப்புத்தான் ஞாபகம் வருகிறது. அதில் பொய்யுமில்லை. இந்த யானைகள் ஏன் றோட்டுக்கு வருகின்றன என்ற கேள்விக்கும் பாதி விடை அந்த மெசினிடம்தான் இருக்கிறது. என்றாலும் எங்களுக்கு அதுதான் றோட்டின் திறப்பு. 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பின்னர் கோடரியும் கைவாளுமாக ஆண்கள் பாதை வெட்டிய கதையை உம்மா இன்றைக்கும் சொல்லுவா.

பள்ளிவாசலுக்கென்று ஒரு மெசின் இருக்கிறது. கபுறுக்கு வைக்கும் பலகை அரிவதற்காக வாங்கியது. அதைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்து வளவுக் காக்கா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மெசின் பாடத்தில் நான் அவருக்கு மாணவன்.

"ஸேர், பெற்றோலுக்கும் வயசிரிக்கி" என்பது அவரது முதற் பாடம். கலந்து வைத்த எண்ணெய் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தால் அவர் அதை மெசினுக்கு ஊற்ற மாட்டார். பழைய பெற்றோல் பசையாகிக் காபரேட்டரின் ஊசித் துவாரங்களை அடைத்துவிடும். பிறகு எத்தனை தரம் கயிறை இழுத்தாலும் தோள்மூட்டு நோவதுதான் மிச்சம். கொஞ்ச நாளைக்கு வேலையில்லை என்று தெரிந்தால் டாங்கியை வெறுமையாக்கி, மெசின் தானாக நிற்கும்வரை ஓட விடுவார். உள்ளே மிஞ்சியதும் எரிந்து போகும்.

இந்த எஞ்சினுக்கு வேறாக ஒயில் அறை கிடையாது. பெற்றோலோடு கலந்து போகும் ஒயில்தான் பிஸ்டனுக்கும் மசகு. ஐம்பது பங்குக்கு ஒரு பங்கு. அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடிக்கும், கூடினால் பிளக்கில் கரி படியும். காக்கா பத்து மில்லிலீற்றர் சிரிஞ்சால் இரண்டு தரம் இழுத்து அளப்பார். ஆறாம் வகுப்பில் விகிதம் படிப்பிக்கும்போது அந்தச் சிரிஞ்சை வகுப்புக்குக் கொண்டு போயிருக்கிறேன். பாடநூலில் உள்ள மாம்பழக் கணக்கைவிடப் பிள்ளைகள் இதைச் சுறுக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த 20 மில்லிலீற்றரின் அருமை 2022 இல்தான் விளங்கியது. கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். கேனுக்கு அடிக்க மாட்டார்கள். ஜும்ஆ முடிந்ததும் நாலைந்து பேர் தங்கள் சைக்கிள் டாங்கியிலிருந்து ஆளுக்குக் கால் லீற்றர் உறிஞ்சி ஊற்றினார்கள். அந்த ஒரு லீற்றரும் ஈயப் போத்தலில் மூடி இறுக்கி நிழலில் வைக்கப்பட்டது. அந்தக் கிழமையே இரவு பிள்ளைப்பேற்றுக்குப் புறப்பட்ட முச்சக்கர வண்டி நாலாவது கிலோமீற்றரில் நின்றது. குறுக்கே பாலை மரம். காக்கா மூன்றாவது இழுவையில் மெசினைக் கிளப்பினார். இருபது நிமிடத்தில் வண்டி போக வழி கிடைத்தது. பிள்ளைக்கு இப்போது பாலர் பாடசாலை வயது.

எஞ்சின் ஓடினால் மட்டும் போதாது, பல் கூராக இருக்க வேண்டும். கூரைப் பார்க்க அவர் பல்லைத் தொடுவதில்லை. கீழே விழும் தூளைப் பார்ப்பார். செதில் செதிலாக விழுந்தால் நல்லது. மாவாகக் கொட்டினால் அரம் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. எங்கள் செயினுக்கு 4.8 மில்லிமீற்றர் உருண்டை அரம். முன்னுக்குத் தள்ளும்போது மட்டும் அராவ வேண்டும், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். இடப் பக்கப் பல்லுக்கு மூன்றென்றால் வலப் பக்கத்துக்கும் மூன்று. இல்லாவிட்டால் வாள் ஒரு பக்கமாக வளைந்தோடும். தென்னை கூரைத் தின்றுவிடும். அதைவிட மோசம் யானை உரசிய மரம். பட்டையில் காய்ந்து கிடக்கும் சேற்றில் மணலிருக்கும். அதைக் கத்தியால் சுரண்டாமல் காக்கா வாளை வைக்கவே மாட்டார்.

இந்தப் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டியான ஜோசப் கொக்ஸ் என்பவர், 1946 இல் மரத்துளைப் புழுவொன்று இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைப் பார்த்தார். அடுத்த வருடம் அதே மாதிரிப் பற்களோடு செயின் செய்து விற்கத் தொடங்கினார். இதைச் சொன்னபோது காக்கா அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஸுப்ஹானல்லாஹ்! எறும்புக்கும் தேனீக்கும் குர்ஆன்ல சூறா இரிக்கிதானே ஸேர்" என்றார். பிறகு மறுபடி அராவத் தொடங்கினார்.

அவரிடம் பழைய பள்ளிக்கூடப் பை ஒன்றிருக்கிறது. ஒரு பிளக், ஒரு பெற்றோல் பில்டர், இழுவைக் கயிறு, மாற்றுச் செயின், பிளக் சாவி, பல் துலக்கும் பழைய பிரஷ். பிரஷ் காற்று வடிகட்டியைத் தட்டித் துடைக்க. வாள்தகட்டின் பள்ளத்திலுள்ள தூளையும் அதனால்தான் கிளறுவார். தகட்டை அவ்வப்போது தலைகீழாக மாற்றிப் பூட்டுவார்; ஒரே பக்கம் தேயக்கூடாதாம். பாவித்த எஞ்சின் ஒயிலைச் செயினுக்கு ஊற்றச் சொல்லிச் சிலர் புத்தி சொல்வதுண்டு. அதில் இரும்புத் தூள் கிடக்கும் என்று மறுத்துவிடுவார்.

பையில் இப்போது ஒரு குறை. இருக்கும் ஒரேயொரு அரமும் வழுக்கத் தொடங்கிவிட்டது. ஐப்பசி முடியப் போகிறது. சம்பளம் எடுக்க நான் நாளை டவுனுக்குப் போகிறேன் என்று தெரிந்து, காக்கா மகனிடம் துண்டொன்று கொடுத்தனுப்பியிருக்கிறார்: "4.8. ரெண்டு. 5.2 தந்தா வாங்க வாணாம்."