பெண் பெயர் வைத்த பூட்ஸ்

1884-ல் அமெரிக்காவில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. இரண்டரை வயதுக் குழந்தை. வெள்ளைப் பாவாடை, தோள்வரை புரளும் கேசம், கையில் இறகு வைத்த தொப்பி, காலில் பளபளக்கும் பூட்ஸ். "என்ன லட்சணமான பெண் குழந்தை!" என்பீர்கள். அந்தக் குழந்தைதான் பிற்பாடு நான்கு முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அந்த நாளில் யாரும் இதை விசித்திரமாக நினைக்கவில்லை. சின்னஞ்சிறு பிராயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடுப்பில் அதிக பேதம் கிடையாது.

பூட்ஸிலும் அப்படித்தான். முனை உருண்டு, மேல்பக்கம் திறந்து, புறங்காலின் குறுக்கே ஒற்றை வார் ஓடிப் பக்கிளில் மாட்டிக்கொள்ளுமே, நம் பள்ளிக்கூடத்துப் பெண்கள் போடும் கறுப்பு ஷூ, அதை முன்பு பையன்களும் போட்டார்கள். வாரை இழுத்து மாட்டினால் ஆயிற்று. வளரும் காலுக்கென்று சற்றுப் பெரிதாக வாங்கினாலும் கழன்று விழாது.

இதற்கு 'மேரி ஜேன்' என்று பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1902-ல் 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகையில் ரிச்சர்ட் அவுட்கால்ட் என்ற சித்திரக்காரர், பஸ்டர் பிரவுன் என்னும் துஷ்டப் பையனைப் படைத்தார். அவனுடைய சிநேகிதி மேரி ஜேன். அவுட்கால்டின் மகள் பெயரும் அதுவே. 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியின்போது, இந்தப் பாத்திரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பல வியாபாரிகளுக்கு அவர் விற்றார். வாங்கியவர்களில் ஒரு பூட்ஸ் கம்பெனியும் உண்டு. படத்தில் பஸ்டர் காலிலும் வார் பூட்ஸ்தான். ஆனால் நிலைத்ததென்னவோ சிநேகிதியின் பெயர்!

1924-ல் மில்னின் குழந்தைப் பாடல்களுக்கு ஷெப்பர்டு வரைந்த படங்களிலும் கிறிஸ்டோபர் ராபின் இதைப் போட்டிருக்கிறான். 1930-களில் ஷர்லி டெம்பிள் என்ற குட்டி நட்சத்திரம் இதை அணிந்து படத்துக்குப் படம் ஆடினாள். அப்புறம் பையன்கள் காலிலிருந்து அது மெல்ல நழுவிவிட்டது. 1960-களில் லண்டன் யுவதிகள் குட்டைப் பாவாடையோடு அதை மறுபடி நாகரிகமாக்கினார்கள். பையன்களிடம் மட்டும் அது திரும்பி வரவில்லை.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? என் பெண்ணுக்குச் சிறிதாகிவிட்ட கறுப்பு ஷூவை நாலு வயதுத் தம்பிக்குப் போட்டு அனுப்பினோம். அவனுக்குப் பரம சந்தோஷம். வாசற்படியில் உட்கார்ந்து, வாரைத் தானே இழுத்துத் தானே மாட்டிக்கொள்வான். யாரையும் தொடவிடமாட்டான். பத்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது: பையன்கள் கயிறு கட்டும் ஷூவே அணிய வேண்டுமாம். வாங்கிக் கொடுத்தோம். இப்போது தினமும் காலை நீட்டியபடி, அம்மா அடுப்படியிலிருந்து வருவதற்காகக் காத்திருக்கிறான்.

நேற்று அலமாரியிலிருந்து பழைய ஷூவை எடுத்துக் காட்டினேன்.

"சீ, அது பொண்ணுங்க ஷூப்பா!" என்றான்.

போன மாதம் வரைக்கும் அவனுக்கு அது வெறும் ஷூவாகத்தான் இருந்தது.